முன்கடையும் குடோனும்: ஒரே கணினியில் எஸ்.எஸ்.டி.யும் ஹார்ட் டிஸ்க்கும்

கணினியை ஆன் செய்துவிட்டு, அது முழித்துக்கொள்வதற்குள் காபி போட்டுக் குடித்துவிட்டு வரும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சுவிட்சைத் தட்டினால் முதலில் ஒரு 'கிர்ர்ர்'. பிறகு விண்டோஸ் படம். அப்புறம் டெஸ்க்டாப் வந்துவிட்டது போல ஒரு பாவனை. எதையாவது கிளிக் செய்தால் வட்டம் சுற்றும்... சுற்றும்... சுற்றிக்கொண்டே இருக்கும். "பழைய கம்ப்யூட்டர், அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் எல்லாரும் சமாதானம் ஆகிவிடுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் புராசஸர் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு வேலை எடுத்துக்கொடுக்க வேண்டிய ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது!

கணினியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்.

"தம்பி, சிஸ்டம் ரொம்ப இழுக்குது. புதுசே வாங்கிடலாமா?"

"புதுசெல்லாம் வேணாம் சார். ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ளேயே இருக்கட்டும்."

"ரெண்டும் எதுக்குப்பா? ஒண்ணு போதாதா?"

நியாயமான கேள்வி. இதற்கான பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தைவிட பி.காம். புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் ஹார்ட் டிஸ்க் பிறந்ததே கணக்கு எழுதுவதற்காகத்தான்.

கணக்குப்பிள்ளையாகப் பிறந்த டிஸ்க்

1956 செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் 'ராமாக் 305' என்ற கணினியை அறிவித்தது. உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் அதோடுதான் வந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. அவ்வளவு பெரிய பெட்டிக்குள் அடங்கியது வெறும் 50 லட்சம் எழுத்துக்கள். இன்று மொபைலில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோ கூட அதற்குள் சரியாக அடங்காது.

ராமாக் என்ற பெயரின் விரிவிலேயே கணக்கியலும் கட்டுப்பாடும் இருக்கின்றன. 'அக்கவுண்டிங் அண்ட் கன்ட்ரோல்' என்பதுதான் அந்தப் பெயரின் கடைசிப் பகுதி. அதுவரை துளையிட்ட அட்டைகளையும் காந்த நாடாவையும் வைத்து வேலை பார்த்தார்கள். ஆயிரமாவது வாடிக்கையாளரின் கணக்கு வேண்டுமென்றால், அதற்கு முன்னால் இருக்கும் அத்தனையையும் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் பில்களைச் சேர்த்து வைத்து மொத்தமாகப் பதிவு செய்வார்கள். டிஸ்க் வந்த பிறகு எந்தப் பக்கத்தையும் நேராகப் புரட்டலாம் என்றாகிவிட்டது. நூறு பக்கப் பேரேட்டில் 'கந்தசாமி' கணக்கை நேராக எடுப்பது போல!

அந்தக் காலத்துக்கு அது மின்னல் வேகம். சிக்கல் என்னவென்றால், அடிப்படை அமைப்பு இன்றுவரை அதேதான். சுழலும் தட்டு, அதன் மேல் ஆடும் ஒரு கை, கையின் நுனியில் படிக்கும் தலை.

12 மில்லி செகண்ட் என்ன பெரிய நேரமா?

சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும். அப்படியென்றால் செகண்டுக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும், அதாவது 4 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்கு முன் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஒரு 8 மில்லி செகண்ட். ஆக ஒரு துண்டுத் தகவலை எடுக்க சுமார் 12 மில்லி செகண்ட்.

கேட்டால் ஒன்றுமில்லாத நேரம்தான். ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஒரே ஒரு பெரிய ஃபைலைப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் படிக்கிறது. கணக்குக்காக 20,000 துண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 முறை 12 மில்லி செகண்ட் என்றால் 240 செகண்ட். நான்கு நிமிடம்! காபி போட்டுக் குடிக்கப் போதுமான நேரம் :-)

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்குத் தட்டும் இல்லை, ஆடுவதற்குக் கையும் இல்லை. சிலிக்கான் சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்களைச் சிறை வைத்துத் தகவலைச் சேமிக்கிறார்கள். எந்த அறையாக இருந்தாலும் கதவைத் திறக்க ஏறத்தாழ 0.1 மில்லி செகண்ட் போதும். அதே 20,000 துண்டுகளுக்கு 2 செகண்ட்.

இந்த ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. 1984-ல் உலகுக்கு அறிவித்தார். மொத்தமாக அழிக்கும் விதம் கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தை நினைவூட்டியதால் கூட வேலை பார்த்தவர் ஒருவர் வைத்த பெயர்தான் 'ஃபிளாஷ்'. இன்றைய எஸ்.எஸ்.டி.க்களில் இருக்கும் 'நாண்ட்' வகை 1987-ல் வந்தது.

அப்படியானால் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிட்டு முழுக்க எஸ்.எஸ்.டி. போட வேண்டியதுதானே? அங்கேதான் விலை குறுக்கே வருகிறது. 2008 செப்டம்பரில் இன்டெல் தன் எக்ஸ்25-எம் எஸ்.எஸ்.டி.யை அறிவித்தபோது 80 ஜிபிக்கு மொத்த விலை 595 டாலர். ஒரு ஜிபிக்கு 7 டாலருக்கு மேல்! இப்போது அந்த விலையெல்லாம் எங்கோ கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் டெராபைட் கணக்கில் இடம் வேண்டும் என்றால், ஒரு ஜிபிக்கு ஆகும் செலவில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. பழைய டிஸ்க் ஏற்கனவே கையில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எது முன்கடையில், எது குடோனில்?

சரி, பி.காம். புத்தகத்துக்கு வருவோம் என்று சொன்னால் தூங்கிவிடாதீர்கள்.

சரக்குக் கட்டுப்பாடு என்ற பாடத்தில் எஃப்.எஸ்.என். பகுப்பாய்வு என்று ஒன்று உண்டு. சரக்கை மூன்றாகப் பிரிப்பார்கள். வேகமாக ஓடுவது, மெதுவாக ஓடுவது, அசையாமல் கிடப்பது. மளிகைக் கடைக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்க்கரையும் பருப்பும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். தீபாவளிக்கு மட்டும் விற்கும் சாமான் பின்னால் குடோனில் கிடக்கும். மெயின் பஜாரில் முன்கடையின் வாடகை அதிகம். ஆகவே அங்கே ஓடும் சரக்குக்கு மட்டும்தான் இடம்.

எஸ்.எஸ்.டி.தான் முன்கடை. ஹார்ட் டிஸ்க்தான் குடோன். விஷயம் அவ்வளவுதான்!

விண்டோஸ், பிரவுசர், ஆபீஸ், தினமும் திறக்கும் டாலி கணக்கு ஆகியவை எல்லாம் வேகமாக ஓடும் சரக்கு. எஸ்.எஸ்.டி.யில் இருக்க வேண்டும். சினிமா, பாட்டு, பழைய செமஸ்டர் நோட்ஸ், இன்ஸ்டால் செய்து முடித்த செட்டப் ஃபைல்கள் எல்லாம் குடோன் சரக்கு.

சினிமாவை எஸ்.எஸ்.டி.யில் வைத்தால் இன்னும் நன்றாக ஓடாதா என்று சிலர் கேட்பார்கள். ஓடாது. இரண்டு மணி நேரப் படம் 4 ஜிபி என்றால் செகண்டுக்கு அரை எம்பியைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் தேவை. ஹார்ட் டிஸ்க் வரிசையாகப் படிக்கும்போது செகண்டுக்கு 100 எம்பிக்கு மேல் சாதாரணமாகக் கொடுக்கும். படத்துக்கு வேண்டியதைப் போல நூறு மடங்குக்கு மேல். தேடி அலையும் வேலையில்தான் ஹார்ட் டிஸ்க் தடுமாறும். நேராக ஓடும் வேலையில் அது இன்னும் கெட்டிக்காரன்தான்.

கணக்குப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தவர்கள்

எது ஓடும் சரக்கு, எது ஓடாத சரக்கு என்று வீட்டுக்காரர் உட்கார்ந்து பிரிக்க வேண்டுமா? கணினியே பிரித்துக்கொள்ளாதா? இந்த எண்ணம் பெரிய கம்பெனிகளுக்கும் வந்தது.

2010-ல் சீகேட் நிறுவனம் 500 ஜிபி லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே 4 ஜிபி ஃபிளாஷைப் பொதிந்து 'மொமெண்டஸ் எக்ஸ்டி' என்று விற்றது. 2011-ல் இன்டெல் தன் இசட்68 சிப்செட்டோடு, ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யைப் பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் நிறுத்தி, அடிக்கடி கேட்கும் சரக்கின் நகலை அதில் வைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது.

2012 அக்டோபரில் ஆப்பிள் இன்னும் ஒரு படி மேலே போனது. 'ஃபியூஷன் டிரைவ்' என்று பெயர். 128 ஜிபி ஃபிளாஷும் 1 டெராபைட் அல்லது 3 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் உள்ளே தனித்தனியாக இருக்கும். ஆனால் திரையில் ஒரே டிஸ்க்காகத்தான் தெரியும். எது அடிக்கடி பயன்படுகிறது என்று கணினியே கவனித்து, அதை ஃபிளாஷுக்கு நகர்த்தும். ஓடாததைக் குடோனுக்குத் தள்ளும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தால் போதும், சரக்கு எங்கே இருக்கிறது என்பது கணக்குப்பிள்ளையின் கவலை.

வசதிதான். ஆனால் இரண்டு வில்லங்கங்கள் இருந்தன.

முதலாவது, முன்கடையின் அளவு. 2015-ல் 1 டெராபைட் ஃபியூஷன் டிரைவில் ஃபிளாஷின் அளவை 128 ஜிபியிலிருந்து 24 ஜிபியாகக் குறைத்தார்கள். பெயர் அதே பெயர்தான்! பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு, உள்ளே முன்கடை பெட்டிக்கடையாகச் சுருங்கியது தெரியாது.

இரண்டாவதுதான் பெரியது. இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்க் என்பதால், இரண்டில் எது செத்தாலும் மொத்தமும் போச்சு. கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்குதாரர் திவாலானால் இன்னொருவர் சொத்தும் சேர்ந்து போவதைப் போல.

பிறகு 2017-ல் இன்டெல் 'ஆப்டேன் மெமரி' என்று 16 ஜிபி, 32 ஜிபி அளவுகளில் அதே வேலைக்காக ஒன்றைக் கொண்டுவந்தது. 2022-ல் ஆப்டேன் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. 2021-ல் வந்த 24 அங்குல ஐமேக்கில் ஹார்ட் டிஸ்க்குக்கு இடமே கிடையாது. எஸ்.எஸ்.டி. விலை இறங்க இறங்க, கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பதைவிட முன்கடையையே பெரிதாக்கிவிடலாம் என்று ஆகிவிட்டது. ஆனால் கையால் பிரித்து வைக்கும் பழைய முறை மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. எளிமையான முறைக்குத்தான் ஆயுசு கெட்டி!

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

டெஸ்க்டாப் என்றால் ஒரு சாட்டா டேட்டா கேபிளும், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் ஒரு பவர் முனையும் போதும். பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 'கேடி' என்ற சட்டத்தில் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தலாம். அந்தச் சட்டம் 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு தடிமனில் வரும். அளந்து பார்த்து வாங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. போகும்.

எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. இரண்டும் மாட்டியிருந்தால், கணினியை எழுப்பும் சின்னப் பகுதியை விண்டோஸ் சில சமயம் பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. கணினி ஜோராக ஓடும். என்றைக்காவது பழைய டிஸ்க் கெட்டுப்போனாலோ, யாராவது கழற்றினாலோதான் புது எஸ்.எஸ்.டி.யும் எழுந்திருக்காமல் படுத்துக்கொள்ளும். கேபிளைக் கழற்றி வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. தவறான டிஸ்க்கை ஃபார்மட் செய்யவே முடியாது.

விண்டோஸ் போட்டு முடித்ததும் டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போல்டர்கள் வழக்கப்படி சி டிரைவில்தான் இருக்கும். அந்தப் போல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராபர்டீஸில் 'லொகேஷன்' என்ற பகுதிக்குப் போனால் அப்படியே டி டிரைவுக்கு மாற்றிவிடலாம். இதைச் செய்யாவிட்டால் ஆறே மாதத்தில் முன்கடை முழுக்க மூட்டை அடுக்கின கதைதான்.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. அது உண்மைதான். ஆனால் தேய்மானக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாம்சங் 870 ஈவோ 250 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு உத்தரவாதம் 5 வருடம் அல்லது 150 டெராபைட் எழுதும்வரை, எது முந்துகிறதோ அது. தினமும் 20 ஜிபி எழுதினால் 150 டெராபைட் முடிய 7500 நாள். அதாவது 20 வருடம்! சாதாரண வீட்டில் அதற்குள் கணினியே மாறியிருக்கும்.

குடோனில் கிடக்கும் தங்கம்

இதுவரை எல்லாம் சுகமாகப் போய்விட்டது. கணினி செகண்டுகளில் எழுந்துவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கேதான் ஒரு ஆபத்து சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறது.

குடோனுக்கு எதெல்லாம் போனது என்று இன்னொரு முறை பாருங்கள். சினிமா, பாட்டு... அதோடு அக்கா கல்யாண போட்டோ, தாத்தா உயிரோடு இருந்தபோது எடுத்த வீடியோ, பத்து வருடக் கடைக் கணக்கு, ஸ்கேன் செய்து வைத்த பத்திரங்கள். இவையெல்லாம் 'ஓடாத சரக்கு'தானே? வருடத்துக்கு ஒருமுறை யாராவது திறந்தால் அதிகம். எஃப்.எஸ்.என். முறைப்படி இவை போக வேண்டிய இடம் குடோன்தான். அந்தக் குடோன் எது? ஏழெட்டு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், உத்தரவாதம் எப்போதோ முடிந்துபோன, வீட்டிலேயே வயதான டிஸ்க். ஒரு இயந்திரத்தில் விண்டோஸையோ பிரவுசரையோ எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அவை புது டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. திரும்பக் கிடைக்கவே கிடைக்காதது பழைய டிஸ்க்கில்!

ஹார்ட் டிஸ்க் மட்டுமே இருந்த காலத்தில் ஒரு நன்மை இருந்தது. டிஸ்க் தளர்ந்தால் கணினியே தளரும். 'டக் டக்' என்று சத்தம் வரும், எல்லாரும் உஷாராவார்கள். இப்போது வேகத்துக்குப் பொறுப்பு எஸ்.எஸ்.டி. பழைய டிஸ்க் பின்னால் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தாலும், அதைத் திறக்காதவரை ஒருவருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, வெகுநேரம் பயன்படுத்தாத ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் வேறு தூங்க வைத்துவிடும். திறக்கும்போது சில செகண்ட் தாமதமானால் 'தூங்கி எழுந்திருக்கிறது போல' என்றுதான் தோன்றும். சில சமயம் அது தூக்கமாக இருக்காது.

பதிலுக்கு எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி.யில் வைத்தால் பத்திரமா? அதுவும் இல்லை. எஸ்.எஸ்.டி. பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடும். அதில் அழித்த ஃபைலை, ட்ரிம் என்ற ஏற்பாடு துடைத்துவிடுவதால், மீட்பதும் மிகக் கடினம். கழற்றி அலமாரியில் பூட்டி வைக்கலாம் என்றால், கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது அந்தச் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும். ஜெடெக் தரநிலை, எழுதும் அளவை முழுக்கத் தீர்த்துவிட்ட வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும் என்றுதான் கேட்கிறது.

இந்த இடத்தில் அதே பாடத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். அங்கே ஏ.பி.சி. பகுப்பாய்வு இருக்கிறது. அது சரக்கு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கேட்காது. எவ்வளவு மதிப்பு என்று கேட்கும். எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தாலும் மதிப்பில் உச்சத்தில் இருப்பவை 'ஏ' வகை. அவற்றுக்குத் தனிப் பூட்டு, தனிக் கணக்கு, தனிக் கண்காணிப்பு. நகைக்கடையில் வைர மாலை மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கலாம். அதற்காக அதைக் காலி அட்டைப் பெட்டிகளோடு குடோனில் போடுவார்களா?

எஃப்.எஸ்.என். சொல்வது ஒரு பொருளை எங்கே வைப்பது என்பதை. ஏ.பி.சி. சொல்வது அதை எப்படிக் காப்பது என்பதை. இரண்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதுக்கும் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பது இரண்டு பிரதி இருப்பதாக ஆகாது. இரண்டு இடத்தில் வேறு வேறு பொருள் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பவர் சப்ளை கோளாறு, ஒரு வைரஸ், ஒரு திருட்டு... இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோய்விடும்.

இந்தியாவில் கம்பெனிகள் சட்டம், 2013 நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குக் காக்கச் சொல்கிறது. கணினியில் வைக்கும் கணக்குகளுக்கு இந்தியாவிலேயே உள்ள சர்வரில் தினமும் பிரதி எடுக்க வேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தினார்கள். லாபம், நஷ்டம், வரி எல்லாம் எழுதிய காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை! தாத்தா பேசும் வீடியோவுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. வீட்டில் யாராவது ஒருவர்தான் அந்தச் சட்டத்தைப் போட வேண்டும்.

போடுவது கஷ்டமும் இல்லை. குடோனில் இருப்பதிலிருந்து 'ஏ' வகையை மட்டும் பிரித்தெடுங்கள். ஒரு டெராபைட் டிஸ்க்கில் சினிமாவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், உண்மையான ஏ வகை பெரும்பாலும் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். அதற்கு ஒரு பிரதி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். பிரதி எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள், மாட்டியே வைத்தால் வைரஸ் அதையும் விடாது. இன்னொரு பிரதி வீட்டுக்கு வெளியே எங்காவது இருக்கட்டும். நம்பகமான கிளவுட் கணக்கிலோ, அண்ணன் வீட்டு அலமாரியிலோ. மாதம் ஒருநாள் புதிதாகச் சேர்ந்ததை ஏற்றிவிட்டு, பழைய ஃபைல் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிட்டால் போதும். வருடக் கடைசியில் ஸ்டாக் எடுப்பதைவிட இது எவ்வளவோ சுலபம்.

சர்வீஸ் கடையில் கேட்ட அந்தக் கேள்விக்கு இப்போது முழுசாகப் பதில் சொல்லலாம். வேகத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பழைய கணினி இன்னும் சில வருடம் உழைக்கும், ஒரு புதுக் கணினியின் செலவும் மிச்சமாகும். அந்த மிச்சத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து மூன்றாவது டிஸ்க் ஒன்றை வாங்கிவிடுங்கள். கணக்கில் அதைச் செலவு என்று எழுத வேண்டாம், இன்சூரன்ஸ் பிரீமியம் என்று எழுதுங்கள்!